மஞ்சள் பெருக்கல் குறி

ஜெர்மனியின் வடக்கே, எல்பே ஆற்றங்கரையில் வெண்ட்லாந்து என்றொரு சிறு வட்டாரம் இருக்கிறது. பைன் காடுகள், உருளைக்கிழங்கு வயல்கள், ஒரு பொது முற்றத்தைச் சுற்றி வட்டமாக வீடுகள் நிற்கும் பழைய கிராமங்கள். அந்த ஊர்களின் களஞ்சியக் கதவுகளிலும் வேலிகளிலும் வயல் முனைகளிலும் மஞ்சள் பூசிய இரண்டு பலகைகளைக் குறுக்காக ஆணியடித்து வைத்திருப்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் கணக்கு நோட்டில் போடும் பெருக்கல் குறி போலத் தெரியும். அது எக்ஸ் என்ற எழுத்து. அணுக்கழிவு ஏற்றிய ரயில் எந்தத் தேதியில் வரும் என்று ஊருக்கு முன்கூட்டித் தெரியாது. ஆகவே அது வரும் நாளை ‘எக்ஸ் நாள்’ என்றார்கள். அன்று இந்த வீட்டில் உள்ளவர்கள் சாலையில் இருப்பார்கள் என்பதுதான் அந்தப் பலகைகள் சொல்லும் சேதி.

இந்த வட்டாரத்தில் உள்ள கோர்லேபன் என்ற சிற்றூரின் பெயர், 1977 பிப்ரவரி 22 அன்று ஜெர்மனி முழுவதும் தெரிந்துபோனது. கீழ் சாக்சனி மாநில முதல்வர் எர்ன்ஸ்ட் ஆல்பிரெக்ட், நாட்டின் அணுக்கழிவு மையம் அங்கேதான் அமையும் என்று அன்று அறிவித்தார். தீர்ந்த எரிபொருளை மறுசுழற்சி செய்யும் பிரம்மாண்டமான ஆலை தரைக்கு மேலே வரும்; கழிவை என்றென்றைக்குமாகப் புதைக்கும் சுரங்கம் அதனடியில் உள்ள உப்புப் பாறையில் அமையும். மேற்கு ஜெர்மனியிலேயே மக்கள் அடர்த்தி மிகக் குறைந்த மாவட்டங்களில் அதுவும் ஒன்று. ஆற்றுக்கு அக்கரையில் கிழக்கு ஜெர்மனி. எதிர்க்க ஆளில்லாத ஓர் எல்லையோர மூலை என்று தலைநகரில் இருந்தவர்களுக்குத் தோன்றியிருக்கலாம்.

அணுக்கழிவுக்கு இடம் தேடும் வேலையில் உள்ளூர்க்காரர்களின் எதிர்ப்பை ஓர் இடைஞ்சலாகப் பார்ப்பதே பொதுவான வழக்கம். விவரம் தெரியாதவர்களின் பயம், விளக்கிச் சொன்னால் அடங்கிவிடும் என்பார்கள். கோர்லேபனின் கதையைப் படித்த பிறகு அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அங்கே எழுந்த எதிர்ப்பு, அறிவியல் தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்ள வேண்டிய வேலையின் ஒரு பங்கைச் செய்து முடித்தது. அது எப்படி என்று பார்ப்பதற்கு முன், புதைக்க வேண்டிய பொருள் என்ன என்பதைத் தெரிந்துகொள்வோம்.

எதைப் புதைக்கிறோம்?

அணு உலைக்குள் போகும் யுரேனியம் எரிபொருளைத் தகுந்த கையுறையோடு கையில் எடுக்கலாம். சில ஆண்டுகள் உலையில் இருந்துவிட்டு வெளியே வரும் அதே எரிபொருளின் அருகே தடுப்பு எதுவும் இல்லாமல் நிற்பவர் சில நிமிடங்களில் உயிருக்கு ஆபத்தான கதிர்வீச்சை வாங்கிக்கொள்வார். இடையில் நடந்தது அணுப்பிளவு. யுரேனிய அணுக்கள் உடைந்து சீசியம், ஸ்ட்ரான்சியம் போன்ற துண்டுகளாகின்றன. உடையாத யுரேனியத்தில் ஒரு பகுதி நியூட்ரானை விழுங்கி, புளுட்டோனியம் முதலான கனமான தனிமங்களாக மாறுகிறது.

இவை ஒவ்வொன்றுக்கும் ஓர் அரை ஆயுள் உண்டு. அதாவது, இருப்பதில் பாதி சிதைந்து தீரும் காலம். சீசியம்-137க்கும் ஸ்ட்ரான்சியம்-90க்கும் அது ஏறத்தாழ 30 ஆண்டுகள். முதல் சில நூற்றாண்டுகளுக்குக் கழிவு கொதிப்பதற்கும் கடுமையாகக் கதிர்வீசுவதற்கும் இவையே முக்கியக் காரணம். பத்து அரை ஆயுள் கழிந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும் என்பதால் 300 ஆண்டுகளில் இவற்றின் உக்கிரம் பெரிதும் அடங்கிவிடும். புளுட்டோனியம்-239இன் அரை ஆயுளோ சுமார் 24,100 ஆண்டுகள். அதே கணக்கைப் போட்டால் 2 லட்சத்து 40 ஆயிரம் ஆண்டுகள் வருகிறது. டெக்னீசியம்-99க்கு அரை ஆயுளே 2 லட்சம் ஆண்டுகளுக்கு மேல். அயோடின்-129க்கு ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கும் மேல். கடைசி இரண்டும் தண்ணீரில் எளிதில் கரைந்து நகரக்கூடியவை என்பதால் புதைகுழி வடிவமைப்பவர்களின் தூக்கத்தைக் கெடுப்பவை.

இதனால்தான் ஜெர்மன் சட்டம் புதைகுழி 10 லட்சம் ஆண்டுகளுக்குக் கழிவை அடைத்து வைத்திருக்க வேண்டும் என்று கேட்கிறது. இந்த எண்ணை உணர நமக்கு ஓர் அளவுகோல் அருகிலேயே இருக்கிறது. சென்னைக்கு வடமேற்கே அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் கணித்தார்கள். அவற்றைச் செதுக்கிய கைகள் நம் இனத்தைச் சேர்ந்தவைகூட இல்லை. நமக்கு முந்தைய மனித இனம் ஒன்றின் கைகள். அந்தக் கோடரிக்கும் நமக்கும் இடையே உள்ள தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கை முன்னோக்கி நீட்டிப் பாருங்கள். அவ்வளவு காலத்துக்கு ஒரு வாக்குறுதியைக் கொடுக்கச் சொல்கிறது சட்டம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் குகைகளில் வெட்டிய தமிழிக் கல்வெட்டுகளைப் படிக்கவே இன்று பயிற்சி பெற்றவர்கள் தேவைப்படுகிறார்கள். ‘இங்கே தோண்டாதே’ என்று எழுதி வைக்கும் பலகையை நம்பி எதையும் விட்டுவிட முடியாது. ஆகவே பொறுப்பைப் பாறையிடம் ஒப்படைக்கிறார்கள்.

உப்பு எதற்கு?

சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய வட ஜெர்மனி ஓர் ஆழமில்லாக் கடலாக இருந்தது. வெயிலில் அது திரும்பத் திரும்ப வற்றி, உப்பு அடுக்கடுக்காகப் படிந்தது. தூத்துக்குடி உப்பளத்தில் சில வாரங்களில் நடப்பது அங்கே லட்சக்கணக்கான ஆண்டுகளாக நடந்தது என்று வைத்துக்கொள்ளலாம். அதன்மேல் மணலும் களிமண்ணும் சுண்ணாம்பும் ஆயிரக்கணக்கான மீட்டர் உயரத்துக்குச் சேர்ந்தன. உப்பு மேலே உள்ள பாறைகளைவிட லேசானது. அழுத்தினால் மெல்ல மெல்லப் பிசைந்த மாவுபோல நகரும். மேல் அடுக்குகளில் எங்கே பலவீனம் இருந்ததோ அங்கே அது கொப்புளமாக எழும்பியது. அப்படி எழுந்த உப்புக் குவிமாடங்களில் ஒன்றுதான் கோர்லேபனுக்கு அடியில் இருப்பது. நீளம் சுமார் 14 கிலோமீட்டர். அகலம் 4 கிலோமீட்டர் வரை. அதன் உச்சி தரையிலிருந்து ஏறத்தாழ 260 மீட்டர் ஆழத்தில் தொடங்குகிறது. அடி மூன்று கிலோமீட்டருக்குக் கீழே.

கழிவைப் புதைக்க உப்பு நல்ல பாறை என்று சொன்னதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகளாக உப்பு கரையாமல் கிடப்பதே, அங்கே ஓடும் தண்ணீர் இல்லை என்பதற்குச் சாட்சி. கழிவின் வெப்பத்தை அது நன்றாகக் கடத்திவிடும். விரிசல் விழுந்தால் தானே நகர்ந்து மூடிக்கொள்ளும். புதைத்த பெட்டகத்தைச் சில பத்தாண்டுகளில் இறுகக் கட்டிப்பிடித்துக்கொள்ளும்.

ஆனால் சமையலறையில் உப்பைக் கையாண்ட எவருக்கும் அதன் பலவீனம் தெரியும். தண்ணீர் பட்டால் கரையும். ஆகவே உப்புக்குள் புதைகுழி என்றால் கேட்க வேண்டிய முதல் கேள்வி உப்பைப் பற்றியதே இல்லை. உப்புக்கு மேலே என்ன இருக்கிறது, நிலத்தடி நீருக்கும் அதற்கும் நடுவே தடித்த களிமண் கூரை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கோர்லேபனின் தலையெழுத்து கடைசியில் இந்தக் கூரையைப் பொறுத்ததாகவே ஆனது.

டிராக்டர்கள் புறப்பட்டன

அறிவிப்பு வந்தபோது ஊர்க்காரர்கள் புவியியலாளர்கள் கிடையாது. விவசாயிகள், ஆசிரியர்கள், இல்லத்தரசிகள். அவர்கள் அமைத்த குடிமக்கள் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் மரியானே ஃப்ரிட்சன். தலைக்கவசமும் கேடயமும் தாங்கி வரிசையாக நிற்கும் காவலர்கள் முன் குள்ளமான உருவத்தோடு அவர் தனியே நிற்கும் ஒரு புகைப்படம், அந்தப் போராட்டத்தின் முகமாகவே ஆனது. உப்புக் குவிமாடத்தின் மேல் பெரும்பரப்பில் காடு வைத்திருந்த நிலவுடைமையாளர் ஆந்திரேயாஸ் ஃபான் பெர்ன்ஸ்டோர்ஃப், பெருந்தொகை பேசப்பட்டும் நிலத்தை விற்க மறுத்தார். அந்தப் பகுதியின் பழைய சட்டப்படி நிலத்தடியில் உள்ள உப்பும் நில உரிமையாளருக்கே சொந்தம். ஆகவே பின்னாளில் சுரங்கம் தோண்டியவர்கள் 800 மீட்டர் ஆழத்திலும் அவருடைய உப்பைத் தொடாமல் ஒதுங்கித்தான் போக வேண்டியிருந்தது.

1979 மார்ச்சில் விவசாயிகள் டிராக்டர்களில் ஏறி மாநிலத் தலைநகர் ஹனோவருக்குக் கிளம்பினார்கள். வழியெங்கும் ஊர்கள் அவர்களுக்குச் சோறும் படுக்கையும் கொடுத்தன. ‘ஆல்பிரெக்ட், நாங்கள் வருகிறோம்’ என்பது அவர்களுடைய முழக்கம். அதே வாரத்தில் ஹனோவரில், இயற்பியலாளர் கார்ல் ஃப்ரீட்ரிஷ் ஃபான் வைத்செக்கர் தலைமையில், பல நாட்டு வல்லுநர்கள் கோர்லேபன் திட்டத்தை ஆதரித்தும் எதிர்த்தும் அரசின் முன் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டு அணு உலையில் எரிபொருள் உருகியது. மூன்று நாள் கழித்து டிராக்டர்கள் ஹனோவருக்குள் நுழைந்தபோது அவற்றை வரவேற்கச் சுமார் ஒரு லட்சம் பேர் திரண்டிருந்தார்கள். மே 16 அன்று ஆல்பிரெக்ட் மறுசுழற்சி ஆலையைக் கைவிட்டார். தொழில்நுட்ப ரீதியில் அது பாதுகாப்பானதுதான், ஆனால் அரசியல் ரீதியில் நிறைவேற்ற முடியாதது என்பது அவர் சொன்ன காரணம். உப்புக் குவிமாடத்தை ஆராயும் பணி மட்டும் தொடரும் என்றார்.

அந்த ஆராய்ச்சிக்காகத் துளையிடும் இடங்களில் ஒன்றின் எண் 1004. 1980 மே 3 அன்று போராட்டக்காரர்கள் அந்த இடத்தில் குடியேறினார்கள். மரத்திலும் வைக்கோலிலும் மண்ணிலும் குடிசைகள் எழுந்தன. சமையற்கூடம், கூட்டங்கள் நடத்தப் பொது வீடு, வானொலி எல்லாம் வந்தன. ‘வெண்ட்லாந்து சுதந்திரக் குடியரசு’ என்று பெயர் வைத்து, கடவுச்சீட்டுகூட அச்சடித்தார்கள். 33 நாட்கள் அந்தக் குடியரசு நீடித்தது. ஜூன் 4 அன்று ஆயிரக்கணக்கான காவலர்கள் அதை அப்புறப்படுத்தினார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் கல்லெடுக்கவில்லை, ஒருவர் கையை ஒருவர் கோத்துக்கொண்டு, தூக்கிச் செல்லப்படும்வரை இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அந்தக் குடிசைகளுக்கு வந்துபோன இளம் அரசியல்வாதிகளில் ஒருவர் கெர்ஹார்ட் ஷ்ரோடர். இருபது ஆண்டுகளுக்குப் பின் அவர் ஜெர்மனியின் தலைமை அமைச்சராக இருந்தபோதுதான் கோர்லேபன் சுரங்கப் பணி முதல்முறை நிறுத்தி வைக்கப்பட்டது.

பனியாறு வெட்டிய வாய்க்கால்

போராட்டத்தின் இந்தப் பக்கம் படங்களிலும் பாடல்களிலும் பதிவாகியிருக்கிறது. மறுபக்கம் துளைக்கருவிகள் மேலே கொண்டுவந்த மண் உருளைகளில் பதிவாகியிருந்தது.

சுமார் 4 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஸ்காண்டிநேவியாவிலிருந்து இறங்கிய பனிப்படலம் வட ஜெர்மனியை மூடியிருந்தது. பல நூறு மீட்டர் தடிப்புள்ள பனியின் அடியில், அதன் எடையால் அழுத்தப்பட்ட உருகுநீர் பீய்ச்சிக்கொண்டு ஓடி, நிலத்தில் ஆழமான வாய்க்கால்களை அறுத்தது. அவற்றில் ஒன்று கோர்லேபன் உப்பின் தலைக்கு மேலாகப் போனது. உப்புக்குக் கூரையாக இருந்திருக்க வேண்டிய பழைய களிமண் அடுக்கை அது பல இடங்களில் சுரண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டது. பிறகு அந்தப் பள்ளத்தில் மணலும் சரளையும் நிரம்பின. மணலிலும் சரளையிலும் தண்ணீர் தாராளமாக ஓடும். ஆக, நிலத்தடி நீர் நேராக உப்பைத் தொடும் இடங்கள் அங்கே இருந்தன.

இதை ஆராயும் பணியில் அரசு அமர்த்தியவர் கீல் பல்கலைக்கழகப் புவியியலாளர் கிளவ்ஸ் டூப்ஹோர்ன். பனிக்கால மண்ணடுக்குகள் அவருடைய துறை. 1980களின் தொடக்கத்தில் அவர் தந்த முடிவு, இந்த இடத்தின் கூரை நம்பத்தகுந்ததாக இல்லை, வேறு இடங்களையும் பார்க்க வேண்டும் என்பது. அவர் போராட்டக்காரர் இல்லை. அரசு கேட்ட கேள்விக்கு மண் சொன்ன பதிலை எடுத்துச் சொன்னார், அவ்வளவே. ஆனால் அவருடைய அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் படித்தவர்கள் வெண்ட்லாந்து மக்கள். ‘அந்த வாய்க்கால்’ என்றால் அங்கே ஒரு விவசாயிக்கும் புரியும் என்ற நிலை வந்தது.

அரசுக்குள்ளும் அந்தக் குரல் கேட்டது. 1983இல் பொறுப்பிலிருந்த கூட்டாட்சி ஆய்வு நிறுவனத்தின் அறிவியலாளர்கள் எழுதிய வரைவு அறிக்கையில், கோர்லேபனோடு சேர்த்து வேறு இடங்களையும் ஆராய வேண்டும் என்ற பரிந்துரை இருந்தது. அமைச்சகங்களிலிருந்து வந்தவர்களோடு பேச்சு நடந்த பிறகு வெளிவந்த இறுதி அறிக்கையில் அந்தப் பரிந்துரை இல்லை. இந்த விவரம் பல ஆண்டுகளுக்குப் பின் 2009இல் பொதுவெளிக்கு வந்து, நாடாளுமன்ற விசாரணைக் குழு அமையும் அளவுக்குப் போனது. 1983 கோடையில் அரசு நிலத்தடி ஆய்வுக்கு ஒப்புதல் கொடுத்தது. 1986இல் குழி தோண்டும் வேலை தொடங்கியது. 840 மீட்டர் ஆழத்தில் சுரங்கப் பாதைகள் நீண்டன. செலவு 150 கோடி யூரோவைத் தாண்டியது.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று இல்லாமல் ஒன்றைச் சிறந்தது என்று சொல்ல முடியாது. பத்தாம் வகுப்பு ஆய்வகத்தில் கற்றுத்தரும் பாடம் இது. கோர்லேபனில் அரசு செய்த அடிப்படைப் பிழை இந்தப் பாடத்தைக் கைவிட்டதுதான். ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்து, அது சரியில்லை என்று காட்டும் பொறுப்பை ஊர்க்காரர்கள் தலையில் வைத்தார்கள்.

அஸ்ஸே சொன்ன சாட்சி

ஊர் மக்களின் சந்தேகத்துக்குத் தீனி போட்டது அதே மாநிலத்தில் இருந்த மற்றொரு உப்புச் சுரங்கம். அஸ்ஸே என்ற அந்தப் பழைய சுரங்கத்தை ஆராய்ச்சிக்கென்று எடுத்து, 1967 முதல் 1978 வரை சுமார் 1 லட்சத்து 26 ஆயிரம் பீப்பாய் கதிரியக்கக் கழிவை அதற்குள் இறக்கினார்கள். குறைந்த, நடுத்தர வீரியமுள்ள கழிவு அது. பிந்தைய பீப்பாய்களில் பலவற்றை அடுக்கக்கூட இல்லை; வண்டியிலிருந்து சரித்துக் கொட்டினார்கள். இங்கே தண்ணீர் வராது என்று பொறுப்பாளர்கள் உறுதி சொன்னார்கள். 1988 முதல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 12,000 லிட்டர் உப்புநீர் சுரங்கத்துக்குள் கசியத் தொடங்கியது. கழிவு அறைகளின் அருகே கதிரியக்கம் கலந்த நீர் தேங்கியிருப்பது 2008இல் நாட்டுக்கே தெரியவந்தது. பீப்பாய்கள் அனைத்தையும் திரும்ப வெளியே எடுக்க வேண்டும் என்று 2013இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அரித்துப்போன பீப்பாய்களை, நொறுங்கும் உப்புச் சுவர்களுக்கு நடுவிலிருந்து எப்படி எடுப்பது என்ற கேள்விக்குப் பொறியாளர்கள் இன்றும் விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

வெண்ட்லாந்து விவசாயி ஒருவர் அஸ்ஸேயைப் பார்த்துவிட்டு வந்து, அரசு சொல்லும் அடுத்த உறுதிமொழியை நம்ப மறுத்தால் அதை அறியாமை என்று எப்படிச் சொல்வது?

ரயில் வரும் நாட்கள்

சுரங்க ஆய்வு ஒரு பக்கம் நடக்க, கோர்லேபனில் தரைக்கு மேல் ஒரு தற்காலிகக் கிடங்கு எழுந்தது. காட்டுக்குள் சுமார் 180 மீட்டர் நீளத்தில் நிற்கும் அந்தக் கொட்டகையை ஊர்க்காரர்கள் ‘உருளைக்கிழங்குக் கிடங்கு’ என்றே அழைத்தார்கள். தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்தால் நிரந்தரக் குழியும் இங்கேயே வரும் என்று அவர்கள் அஞ்சினார்கள்.

கழிவு வந்த பெட்டகத்துக்குக் கேஸ்டர் என்று பெயர். வார்ப்பிரும்பால் ஆனது; சுவர்த் தடிப்பு ஏறத்தாழ 40 சென்டிமீட்டர்; நிரப்பினால் எடை 100 டன்னுக்கு மேல். ஜெர்மன் எரிபொருளைப் பிரான்சின் லா ஹேக் ஆலையில் மறுசுழற்சி செய்தபின் மிஞ்சிய உக்கிரமான கழிவை உருக்கிய கண்ணாடியோடு கலந்து, உறையவைத்து, எஃகுக் குப்பிகளில் அடைத்துத் திருப்பி அனுப்பினார்கள். பெரும்பாலான கேஸ்டர்களுக்குள் இருந்தவை அந்தக் குப்பிகள்தான்.

1995 முதல் 2011 வரை 13 முறை கேஸ்டர்களில் கழிவு வந்தது. ஒவ்வொரு முறையும் எக்ஸ் நாள் விடிந்தது. தண்டவாளத்தில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டவர்கள், சாலையில் வைக்கோல் பரப்பிப் பனியில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்த முதியவர்கள், சந்திகளில் டிராக்டர்களைக் குறுக்கே நிறுத்திய விவசாயிகள். 1997இல் ஆறு பெட்டகங்களைக் கொண்டுசேர்க்கச் சுமார் 30,000 காவலர்கள் தேவைப்பட்டார்கள். 2004இல் பிரான்சுப் பகுதியில் ரயிலை மறிக்கப் போன ஓர் இளைஞர் அதே ரயிலில் அடிபட்டு இறந்தார். 2011இல் கடைசி ரயில் லா ஹேக்கிலிருந்து கிடங்கை அடைய ஐந்து நாட்களுக்கு மேல் ஆனது.

வெள்ளை வரைபடம்

அதே 2011இல் ஃபுகுஷிமா விபத்து நடந்தது. ஜெர்மனி அணு மின்சாரத்தையே விட்டுவிட முடிவு செய்தது. அந்த முடிவு புதைகுழிச் சிக்கலிலும் ஒரு கதவைத் திறந்தது. கழிவு இனிப் பெருகிக்கொண்டே போகாது என்ற உறுதி கிடைத்தபின், எதிர்ப்பாளர்களும் அரசும் ஒரே மேசையில் உட்கார முடிந்தது. 2013இல் புதிய சட்டம் வந்தது. 2017இல் அதைச் செம்மைப்படுத்தினார்கள். நாட்டின் வரைபடத்தை வெள்ளைத் தாளாக வைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றது அது. உப்பு, களிமண், கிரானைட் போன்ற படிகப் பாறை ஆகிய மூன்றும் ஒரே அளவுகோலால் அளக்கப்படும். அளவுகோலை முதலில் எழுதி, எல்லோரும் பார்க்க வெளியிட்டபின்தான் இடத்தைத் தேட வேண்டும். இதைக் கண்காணிக்கும் குழுவில் குலுக்கல் முறையில் தேர்ந்த சாதாரணக் குடிமக்களும் இருப்பார்கள்.

2020 செப்டம்பர் 28 அன்று முதல் முடிவு வெளியானது. ஜெர்மனியின் நிலப்பரப்பில் 54 விழுக்காடு மேற்கொண்டு ஆராயத் தக்கது என்று 90 பகுதிகளாகப் பட்டியலிட்டிருந்தார்கள். கோர்லேபன் அதில் இல்லை. அரசியல் காரணம் எதுவும் அதற்குச் சொல்லப்படவில்லை. உப்பின் மேலே உள்ள பாதுகாப்பு அடுக்கு போதாது என்பது முக்கியக் காரணங்களில் ஒன்று. டூப்ஹோர்ன் நாற்பது ஆண்டுகளுக்கு முன் சுட்டிக்காட்டிய அதே வாய்க்கால், அதே கூரை.

நாற்பது ஆண்டுகளில் அந்த உண்மை மாறவில்லை. அதைக் கேட்கும் ஏற்பாடு மாறியது. அந்த ஏற்பாட்டை உண்டாக்கியவர்களில் சாலையில் உட்கார்ந்த மனிதர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அவர்கள் தாமதப்படுத்தாமல் இருந்திருந்தால் இன்று அந்த உப்பில் கழிவு இறங்கியிருக்கும்.

ஆம் என்று சொன்ன ஊர்

உள்ளூர் மக்கள் எப்போதும் மறுக்கத்தான் செய்வார்கள் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஸ்வீடனில் கினெஃப்யெல் என்ற மலைப்பகுதியில் 1980இல் பாறை ஆய்வுக்குத் துளையிட வந்தபோது, ஊர்க்காரர்கள் ஒரு சிறு குடில் கட்டி முறைவைத்துக் காவல் இருந்தார்கள். இரவு பகலாக அந்தக் காவல் 2000 வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்தது. ஸ்வீடன் தன் வழியை மாற்றியது. இடத்தைத் திணிப்பதை விட்டு, ஊராட்சிகளின் சம்மதத்தை நாடியது. வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் ஊராட்சியிடம் இருந்தது. கடைசியில் எஸ்ட்ஹம்மர் என்ற கடலோர ஊராட்சியின் மன்றம் 2020 அக்டோபரில் 38க்கு 11 என்ற வாக்கில் சம்மதித்தது. பின்லாந்தில் யூரயோகி ஊராட்சி 2000இலேயே 20க்கு 7 என்று ஒப்புக்கொண்டது. அங்கே சுமார் 430 மீட்டர் ஆழத்தில், படிகப் பாறையில், செப்புப் பெட்டகமும் அதைச் சுற்றிப் பென்டோனைட் களிமண்ணுமாக தீர்ந்த எரிபொருளுக்கென உலகின் முதல் நிரந்தரப் புதைகுழி உருவாகியிருக்கிறது. இரண்டு ஊர்களிலும் அணு உலைகள் முன்பே இருந்தன. மக்களுக்கு அந்தத் தொழில் பழக்கமானது என்பதும் உண்மை. ஆனாலும் முடியாது என்று சொல்ல உரிமை உள்ள ஊர் சொல்லும் ‘சரி’க்குத்தான் எடை உண்டு.

தங்கவயலில் ஒரு வாரம்

இந்தக் கேள்வி நம் வாசலுக்கும் ஒருமுறை வந்தது. 2012 நவம்பரில், கூடங்குளம் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது, அணுக்கழிவை எதிர்காலத்தில் எங்கே புதைப்பது என்ற பேச்சில் கோலார் தங்கவயலின் பெயர் அடிபட்டது. அந்தப் பெயர் திடீரென வந்ததில்லை. 1980களில் அங்கே சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில், கழிவு எதையும் வைக்காமல், வெப்பமூட்டிகளை மட்டும் வைத்துப் பாறை சூட்டை எப்படித் தாங்குகிறது என்று இந்திய அறிவியலாளர்கள் சோதித்திருந்தார்கள்.

ஆனால் தங்கவயல் வெறும் பாறை கிடையாது. வட ஆற்காட்டிலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அந்தச் சுரங்கத்தில் உயிரைக் கொடுத்திருக்கின்றன. பாறை வெடிப்பில் போனவர்கள், தூசி நுரையீரலில் படிந்து போனவர்கள். 2001இல் சுரங்கத்தை மூடியபோது வேலையும் போனது. சயனைடு கலந்த மண்மேடுகள் மட்டும் ஊருக்குள்ளேயே நின்றன. அந்த ஊருக்கு, இனி நாட்டின் அணுக்கழிவு உங்கள் வீட்டுக்கு அடியில் வரலாம் என்ற சேதி செய்தித்தாளில் போய்ச் சேர்ந்தது. ஊர் கொதித்தெழுந்தது. சில நாட்களில் அப்படி ஒரு திட்டம் இல்லை என்று அரசுத் தரப்பு விளக்கம் தந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் கூடங்குளம் உலைக்கு அனுமதி தந்த தீர்ப்பிலேயே, ஆழ்நிலப் புதைகுழியை விரைவில் அமைக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. கூடங்குள வளாகத்திலேயே தீர்ந்த எரிபொருளுக்கு உலைக்கு அப்பால் ஒரு சேமிப்பகம் அமைக்க 2019 ஜூலையில் அறிவித்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது.

கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் உலைகள் ஓடுகின்றன. நம் வீட்டு மின்விசிறியும் அதில் சுழல்கிறது. ஆகவே இன்றோ நாளையோ நம் நாட்டிலும் ஏதோ ஓர் ஊரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். கேட்கும்போது வரைபடம் வெள்ளையாக இருக்க வேண்டும்; அளவுகோல் முன்கூட்டியே ஊர் மொழியில் அச்சாகியிருக்க வேண்டும்; மறுக்கும் உரிமை ஊரிடம் இருக்க வேண்டும்; அரசு அமர்த்திய புவியியலாளர் பாதகமான முடிவு சொன்னாலும் அது அப்படியே ஊரின் கைக்கு வர வேண்டும். கோர்லேபனில் இவற்றைக் கற்றுக்கொள்ள நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

இன்னும் நிற்கும் கிடங்கு

2021 செப்டம்பரில் கோர்லேபன் சுரங்கத்தை மூடுவதாக அரசு அறிவித்தது. உள்ளேயிருந்து வெட்டி எடுத்து வெளியே மலையாகக் குவித்திருந்த சுமார் 4 லட்சம் டன் உப்பை, 2024 இறுதியிலிருந்து திரும்பக் குழிக்குள் கொட்டத் தொடங்கினார்கள். 25 கோடி ஆண்டுப் பழைய உப்பு தன் இருப்பிடத்துக்கே போகிறது.

ஆனால் அதன் அருகிலேயே, காட்டுக்குள், அந்த உருளைக்கிழங்குக் கிடங்கு நிற்கிறது. உள்ளே 113 கேஸ்டர் பெட்டகங்கள். அவற்றின் சூட்டில் காற்று வெதுவெதுப்பாகிக் கூரைத் திறப்புகள் வழியே மேலேறிக்கொண்டே இருக்கிறது. கிடங்கின் உரிமம் 2034இல் முடிகிறது. நிரந்தர இடத்தை 2031இல் முடிவு செய்ய வேண்டும் என்பது சட்டத்தின் இலக்கு. பொறுப்பேற்றுள்ள நிறுவனமோ 2046க்கு முன் அது முடியாது என்று 2022இலேயே சொல்லிவிட்டது. அதன் பிறகுதான் தோண்டவே தொடங்குவார்கள்.

போராட்டத்தில் வென்ற ஊர் அது. ஆனாலும் பெட்டகங்கள் அங்கேயே இருக்கின்றன. இன்னும் பல பத்தாண்டுகள் இருக்கும். குடிமக்கள் குழு கலைந்துவிடவில்லை. பெட்டகங்களின் மூடி எத்தனை காலம் தாங்கும், உரிமம் தீர்ந்தபின் என்ன ஏற்பாடு என்று இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். முதல் டிராக்டரில் போனவர்கள் பலர் இன்று இல்லை. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். களஞ்சியக் கதவில் வெயிலில் வெளுத்த மஞ்சள் பலகைகளுக்கு அவர்கள் புதிதாக வண்ணம் பூசி வைக்கிறார்கள்.